தேடிப் போனது ஒருவனை... கிடைத்தது இன்னொருவன்!

1978-ம் வருடம். மெக்ஸிகோவில் ஸிலாவ் என்றொரு ஊர். அங்கே நடந்த ஒரு பேஸ்பால் மேட்சைப் பார்க்க வந்து உட்கார்ந்தார் ஒருவர். பெயர், மைக் பிரிட்டோ. கியூபாவில் பிறந்தவர். தலையில் பனாமா தொப்பி, வாயில் சுருட்டு என்று பழைய சினிமா வில்லன் மாதிரி இருப்பார். ஆனால், பார்த்த வேலை வேறு. அமெரிக்காவின் 'லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ்' அணிக்கு அவர் ஒரு 'ஸ்கவுட்'!

ஸ்கவுட் என்றதும் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பள்ளிக்கூட சாரணர் ஞாபகத்துக்கு வந்தால், அழித்துவிடுங்கள். பேஸ்பாலில் ஸ்கவுட் என்றால், ஊர் ஊராக அலைந்து, மீசை முளைக்காத பையன்களின் ஆட்டத்தைப் பார்த்து, 'இவன் நாளைக்குப் பெரிய ஆளா வருவான்' என்று மோப்பம் பிடிப்பவர். கிட்டத்தட்ட ஜோசியம். அதுவும் பெரும்பாலும் பொய்த்துப் போகிற ஜோசியம்!

அன்றைக்கு பிரிட்டோ பார்க்க வந்தது அலி உஸ்காங்கா என்கிற ஃபீல்டரை. உஸ்காங்கா பேட்டோடு வந்து நிற்க, எதிரணியில் பந்து வீச நின்றவன் 17 வயது இடது கைக்காரன். கொழுகொழு உடம்பு. விளையாட்டு வீரன் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

இங்கே பேஸ்பால் விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடிக்க முடியாதபடி நான்கு பந்துகள் விலகிப் போனால், பேட்ஸ்மேனுக்கு முதல் நிலை இலவசம். பேட்ஸ்மேன் மூன்று முறை கோட்டை விட்டால் அவுட்.

பையன் போட்ட முதல் மூன்று பந்துகளும் விலகிப் போயின. இன்னொன்று போனால் தீர்ந்தது. வேறு பையனாக இருந்தால் கை உதறியிருக்கும். இவனோ அலட்டிக்கொள்ளவே இல்லை. அடுத்தடுத்து மூன்று பந்துகள்... உஸ்காங்கா அவுட்!

'அதோடு உஸ்காங்காவை மறந்தே போனேன்' என்று பின்னாளில் சொன்னார் பிரிட்டோ. ஸ்கவுட்டுகள் வேகத்தை அளக்கக் கருவி உண்டு. மூன்று பந்து கைவிட்டுப் போன பிறகும் பதறாத மனசை அளக்க ஏது கருவி?

பையனின் பெயர், ஃபெர்னாண்டோ வலென்ஸுவேலா. சொனோரா மாநிலத்தில் எட்சோவாகீலா என்ற குக்கிராமம். விவசாயக் குடும்பத்தில் 12 பிள்ளைகளில் கடைக்குட்டி.

சரி, லாஸ் ஏஞ்சலீஸ் அணிக்கு ஒரு மெக்ஸிகோ பையன் மீது ஏன் அத்தனை ஆசை? அதைப் புரிந்துகொள்ள நாம் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

லாஸ் ஏஞ்சலீஸில் சாவேஸ் ரவீன் என்றொரு மலைப்பாங்கான பகுதி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கே இருந்தன. பெரும்பாலும் மெக்ஸிகோ வம்சாவளி. 1950-ல் அவர்கள் வீடுகளுக்கு நோட்டீஸ் வந்தது. 'காலி செய்யுங்கள். இங்கே அரசுக் குடியிருப்பு கட்டப்போகிறோம். உங்களுக்குத்தான் முன்னுரிமை.' பலர் நம்பிக் கிளம்பினார்கள். அப்புறம், 'அரசாங்கம் வீடு கட்டிக் கொடுப்பது கம்யூனிஸம்!' என்று கூச்சல் கிளம்ப, குடியிருப்புத் திட்டம் கைவிடப்பட்டது. நிலம் மட்டும் திரும்பவில்லை. நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து இடம்பெயர்ந்து வந்த டாட்ஜர்ஸ் அணிக்கு ஸ்டேடியம் கட்ட அது கைமாறியது!

சில குடும்பங்கள் மட்டும் கடைசி வரை வெளியேற மறுத்தன. 1959 மே மாதம் போலீஸ் வந்தது. ஒரு பெண்ணைக் கை, கால்களைப் பிடித்துத் தூக்கி வந்து வெளியே விட்டார்கள். பத்திரிகைக் கேமராக்கள் அதைப் படம் பிடித்தன. வீடுகள் இடிந்தன. 1962-ல் ஸ்டேடியம் திறந்தது. நகரத்து மெக்ஸிகோக்காரர்களில் பலர், 'அந்த வாசலை மிதிக்க மாட்டோம்' என்று ஒதுங்கினார்கள். அணி முதலாளி வால்டர் ஓமாலிக்கோ, அவர்களை ஸ்டேடியத்துக்கு இழுத்து வர மெக்ஸிகோவிலிருந்து ஒரு நட்சத்திரம் கிடைக்க மாட்டானா என்று நீண்ட நாள் ஏக்கம். இதில் வியாபாரமும் உண்டுதானே!

இப்போது புரிகிறதா, பிரிட்டோவின் அலைச்சல்?

1979 ஜூலையில் 1,20,000 டாலர் கொடுத்து வலென்ஸுவேலாவை வாங்கியது டாட்ஜர்ஸ். வேகம் போதாது என்று தோன்றவே, பாபி காஸ்டில்லோ என்ற சக வீரர் அவருக்கு 'ஸ்க்ரூபால்' கற்றுக் கொடுத்தார். மணிக்கட்டை வெளிப்பக்கம் முறுக்கி எறிகிற பந்து அது. வழக்கமான வளைவுக்கு நேர் எதிர்த் திசையில் திரும்பும். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், கூக்ளி!

1981 ஏப்ரல். சீசனின் முதல் மேட்சில் பந்து வீச வேண்டியவர் காயம்பட, இருபது வயது வலென்ஸுவேலாவை இறக்கினார்கள். 2-0 என்று ஜெயித்தார். முதல் எட்டு மேட்ச்சிலும் எட்டு வெற்றி. அதில் ஐந்தில், எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை! பந்து வீசும்போது ஒரு கணம் கண்களை வானத்துக்கு உயர்த்துவார். அவ்வளவுதான், ஊரே கிறங்கியது. 'ஃபெர்னாண்டோமேனியா' என்று பேர் வைத்தார்கள். வாசலை மிதிக்காத குடும்பங்கள் பாட்டி, பேரன் சகிதம் உள்ளே வந்தன. அந்த வருடம் கோப்பையும் டாட்ஜர்ஸுக்கே. சிறந்த புதுமுகம், சிறந்த பந்துவீச்சாளர் என்ற இரண்டு பட்டங்களையும் ஒரே வருடத்தில் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

ஆனால், அந்தக் கை என்ன ஆனது? உலக சீரிஸில் ஒரே மேட்ச்சில் 147 பந்துகள் வீச வைத்தார்கள். 1986-ல் மட்டும் 20 மேட்ச்சுகளை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை அவரே வீசி முடித்தார். 1988-ல் தோள்பட்டை மக்கர் செய்தது. 1991-ல், சீசன் தொடங்கும் முன்பே, 'போய் வா' என்று அனுப்பிவிட்டது அணி. மனம் கசந்துபோன மனிதர், பல வருடங்கள் ஒதுங்கியே இருந்தார். 2003-ல்தான் ஸ்பானிஷ் வர்ணனையாளராகத் திரும்பி வந்தார். அவர் அணிந்த 34-ம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி கௌரவித்தது 2023-ல். அதைப் பார்க்க பிரிட்டோ இல்லை. முந்தைய வருடமே காலமாகியிருந்தார். 2024 அக்டோபரில், 63 வயதில் வலென்ஸுவேலாவும் போனார்.

அதே 2024-ல் இன்னொன்றும் நடந்தது. சாவேஸ் ரவீனில் வீடிழந்த குடும்பங்களுக்கு நியாயம் கேட்கும் மசோதா, கலிஃபோர்னியா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கவர்னர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஸ்டேடியத்தை நிரப்ப ஒரு பையனைத் தேடிக் கண்டுபிடிக்க அணியால் முடிந்தது. அந்தக் குடும்பங்களுக்கான கணக்கை மட்டும் யாரும் இன்னும் தீர்க்கவில்லை.