குட்டையில் இருப்பது யார் தண்ணீர்?

புனேயில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு மகாராஷ்டிரம் என்றாலே மழைதான் ஞாபகத்துக்கு வரும். ஜூன் பிறந்துவிட்டால் நான்கு மாதம் குடையும் ரெயின்கோட்டும்தான். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் லோனாவ்லா, மகாபலேஷ்வர் என்று கூட்டிக்கொண்டு போய் அருவி காட்டுகிறோம். ஆனால் அதே புனேயிலிருந்து சாஸ்வட் போகும் சாலையில் திவே காட் ஏறிவிட்டால் புரந்தர் தாலுகா. ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் வானமே வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை மழையையெல்லாம் தன் பக்கமே இறக்கி வைத்துக்கொண்டு, மிச்சம் மீதியைத்தான் கிழக்கே அனுப்புகிறது. செங்கோட்டையில் சாரல் அடிக்கும்போது கோவில்பட்டியில் புழுதி பறக்குமே, அதே கதைதான்.

இந்த மழை மறைவு பூமியில் விவசாயிகள் வறட்சியைச் சமாளிக்கத் தண்ணீரைச் சேர்த்து வைத்த வரலாற்றைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். இது மராத்திக்காரர்கள் கதை மட்டும் இல்லை. ஊரில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் நமக்கும் இதில் வேலை இருக்கிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆரம்பமே நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம். நம் பாட்டிமார் வாயில் அது தாது வருஷப் பஞ்சம். சென்னை ராஜதானியைச் சூறையாடிய அதே பஞ்சம்தான் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களையும் பம்பாய் ராஜதானியின் தக்காண மாவட்டங்களையும் சூறையாடியது.

அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த புனேக்காரர் ஜோதிராவ் பூலே. பெண்கல்விக்காகவும் சாதி எதிர்ப்புக்காகவும் நாம் அறிந்த அதே மகாத்மா பூலேதான். 1883ல் அவர் எழுதி முடித்த 'ஷேத்கர்யாசா ஆசூட்' (உழவனின் சாட்டை) என்ற நூலில் தண்ணீரைப் பற்றியும் பேசுகிறார். மழைநீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடாமல் சரிவுகளில் வரப்பும் அணையும் போட வேண்டும், தண்ணீர் நிலத்திலேயே ஊற வேண்டும், அந்த வேலைக்கு அரசு தன் சிப்பாய்களையும் போலீஸாரையும் இறக்கலாம் என்பது அவர் யோசனை. இன்று வாட்டர்ஷெட் என்று பெரிய பெயரில் பேசுகிற விஷயத்தின் சாரம் இதுதான். அரசாங்கம் கேட்டதா? பெரிய அணைகளும் கால்வாய்களும் வந்தன. கால்வாய் போன இடத்தில் கரும்பு வந்தது. கால்வாய் ஏற முடியாத மேட்டு நிலம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த பெரிய அடி 1972. மராத்தியில் 'பாஹத்தரசா துஷ்காள்' (72ன் பஞ்சம்) என்று சொன்னால் வயதானவர்கள் முகம் மாறிவிடும். தொடர்ந்து மழை பொய்த்து, 1973 கோடையில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் அரசு நிவாரண வேலைத் தளங்களில் இருந்தார்கள். ஜல்லி உடைத்தார்கள், ரோடு போட்டார்கள், கசிவுநீர்க் குட்டை வெட்டினார்கள். கேட்டவருக்கு வேலை தர வேண்டியது அரசின் கடமை என்ற மகாராஷ்டிர வேலை உறுதிச் சட்டம் (1977) இந்த அனுபவத்திலிருந்துதான் பிறந்தது. 2005ல் நாடு முழுவதற்கும் வந்த வேலை உறுதிச் சட்டத்துக்கு அதுவே முன்மாதிரி.

அந்த வறட்சியில் புரந்தர் பக்கம் போய்ப் பார்த்தவர்களில் ஒருவர் விலாஸ்ராவ் சாளுங்கே. நம்மைப் போல எஞ்சினியர். புனேயில் துல்லிய அளவுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். இத்தனை பேர் உழைப்பை ஜல்லி உடைப்பதில் கரைப்பதற்குப் பதில் தண்ணீரைப் பிடிக்கும் வேலையில் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நாய்காவ் என்ற கிராமத்தில் 40 ஏக்கர் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ஒன்றுக்கும் ஆகாத சரிவு நிலம். குறுக்கே வரப்புகள் போட்டு, ஓடையில் கசிவுநீர்க் குட்டை கட்டி, அதற்குக் கீழே கிணறு வெட்டி, அங்கிருந்து தண்ணீரை மேலே ஏற்றிப் பயிர் செய்து காட்டினார்.

இதுவரைக்கும் எஞ்சினியர் வேலை. இதை வேறு பலரும் செய்திருக்கிறார்கள். அடுத்து அவர் செய்தது தண்ணீரைப் பங்கிட விதி எழுதியது. அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பானி பஞ்சாயத்து.

முதல் விதி, தண்ணீர் நிலத்தின் அளவுப்படி கிடையாது, தலைக்கு இவ்வளவு. ஆளுக்கு அரை ஏக்கருக்கான தண்ணீர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கு. ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவருக்கும் அதேதான். இரண்டாவது, நிலமே இல்லாதவருக்கும் தண்ணீரில் பங்கு உண்டு. மூன்றாவது, நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை அதோடு போகாது. நான்காவது, கரும்பு கூடாது. ஐந்தாவது, செலவில் ஐந்தில் ஒரு பங்கைப் பயனாளிகள் கையிலிருந்து போட வேண்டும், நிர்வாகமும் அவர்களே.

முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நிலத்தில் வெட்டிய கிணற்றில் ஊறுவது என் தண்ணீர் என்றுதானே நாம் பிறந்ததிலிருந்து நம்பி வந்திருக்கிறோம்? சட்டமும் பெரும்பாலும் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறது. சாளுங்கே 2002ல் காலமானார். அவருடைய விதிகள் நாட்டின் சட்டமாகவில்லை. ஆனால் தண்ணீரைச் சேர்ப்பதைப் பற்றிப் பேசும்போதே பங்கிடுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்பதை ஒரு சின்ன கிராமத்தில் அவர் நடத்திக் காட்டிவிட்டார்.

ஹிவ்ரே பஜார் கிராமம் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. 1990 வாக்கில் போபட்ராவ் பவார் அங்கே ஊராட்சித் தலைவரானார். மலைச்சரிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள், மரம் நட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள். கூடவே பாசனத்துக்கு போர்வெல் கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று ஊரே கூடித் தீர்மானித்தது. ஒவ்வொரு வருஷமும் பெய்த மழையை அளந்து, குடிக்க இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, பயிருக்கு இவ்வளவு என்று வரவு செலவு போடுகிறார்கள். வீட்டு பட்ஜெட் மாதிரி.

சரி, இப்போது பண்ணைக்குட்டைக்கு வருவோம். மராத்தியில் 'ஷேத்தளே'. 2012-13 வறட்சி வந்தபோது பெரியவர்கள் அடிக்கடி சொன்னது, 72ல் தானியம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இருந்தது, இப்போது தானியம் இருக்கிறது, தண்ணீர் இல்லை என்பது. 2016 ஏப்ரலில் லாத்தூர் நகரத்துக்கு மிரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதே ஆண்டில்தான் கேட்டவருக்கெல்லாம் பண்ணைக்குட்டை என்ற திட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது. அப்போது மானியம் 50,000 ரூபாய் வரை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 3 மீட்டர் குட்டை. பக்கங்களைச் சரிவாக வெட்டினால் சுமார் 22 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆக, நிரம்பிய குட்டையால் சேதாரம் போக ஏழெட்டு ஏக்கருக்கு ஒரே ஒரு தண்ணீர் விடலாம். ஒரு தண்ணீர் என்ன பெரிது என்று நினைக்காதீர்கள். மானாவாரிக்காரரைக் கேளுங்கள். பூ பிடிக்கிற நேரத்தில் இருபது நாள் மழை இல்லாமல் போனால், அந்த ஒரு தண்ணீர்தான் விளைச்சலுக்கும் வைக்கோலுக்கும் உள்ள வித்தியாசம்.

அசல் பண்ணைக்குட்டை இதற்காக ஏற்பட்டதுதான். நிலத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டுவது. ஓடி வரும் மழைநீர் வண்டலை வெளியே படியவிட்டு உள்ளே வரும். கொஞ்சம் பயிருக்கு, கொஞ்சம் மண்ணுக்குள் கசிந்து கிணற்றுக்கு.

ஆனால் திராட்சை, மாதுளை போட்ட பகுதிகளில் குட்டையின் பிழைப்பே மாறிவிட்டது. தரைக்கு மேலே கரையை உயர்த்தி, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு போட்டார்கள். ஓடிவரும் மழைநீர் உள்ளே ஏற முடியாது, உள்ளே இருப்பது மண்ணில் இறங்கவும் முடியாது. அப்புறம் நிரம்புவது எப்படி? கிணற்றிலும் போர்வெல்லிலும் தண்ணீர் இருக்கும்போதே மோட்டார் போட்டு உறிஞ்சி நிரப்பிக்கொள்வது. பாறைக்கடியில் நாலு பேருக்குப் பொதுவாக இருந்த நீர், ஒருவர் வேலிக்குள் வந்துவிடுகிறது. பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறு முன்கூட்டியே வற்றுகிறது. வெயிலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கோடையில் நாளுக்கு 8 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், நிரம்பிய குட்டையிலிருந்து தினமும் 7,000 லிட்டருக்கு மேல் போய்விடும். தண்ணீரை நிழலிலிருந்து எடுத்து வெயிலில் வைக்கிற வேலை இது. 2017 முதல் ஆய்வாளர்களும் இதை எழுதி வருகிறார்கள்.

அந்த விவசாயியைத் திட்டுவதும் நியாயமில்லை. திராட்சைக் கொடி ஒரு கோடையில் கருகினால் பல வருஷ முதலீடு போகும், வங்கிக்கடன் மட்டும் நிற்கும். அவர் தனக்குக் காப்பீடு செய்துகொள்கிறார். பிரீமியத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டுகிறார், அவ்வளவுதான்.

இப்போது நம் வேலைக்கு வருகிறேன். எங்கள் ஊர் விருதுநகர் பக்கம். தம்பி போன மாதம் போனில், "அண்ணே, பண்ணைக்குட்டை வெட்டலாம்னு இருக்கேன், கொஞ்சம் பணம் அனுப்புங்க" என்றான். உங்களில் பலருக்கும் இப்படி ஒரு போன் வந்திருக்கும், வரும். நான் அனுப்பத்தான் போகிறேன். அதற்கு முன் அவனிடம் நாலு கேள்வி கேட்டேன். தண்ணீர் எங்கிருந்து வரும், மழையிலிருந்தா மோட்டாரிலிருந்தா? நம் நிலத்து ஓடைத் தண்ணீரை மறித்தால் கீழே கண்மாய்க்குப் போகிற வரத்து குறையுமா? கரிசல் மண்ணாச்சே, பிளாஸ்டிக் இல்லாமல் களிமண்ணைக் குழைத்து மெழுகினால் போதாதா? பக்கத்துப் பிஞ்சைக்காரர் கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது?

முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் உடனே பதில் சொன்னான். மழைத் தண்ணீர்தான், பிளாஸ்டிக் வேண்டாம் என்று. இரண்டாவதற்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண்மாய் வரத்துக்கால் தூர்ந்து கிடக்குண்ணே, அதை எடுத்துவிட்டா குட்டைக்கும் வரும், கண்மாய்க்கும் போகும். ஆனா ஊர்ல நாலு பேரு சேரணும்" என்றான்.

சேருமா என்று தெரியவில்லை. வெளியூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரிடம் பேசியிருக்கிறேன். குட்டை வெட்டுகிற காசோடு வரத்துக்காலுக்கும் ஒரு பங்கு போடுவதாக மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். மீதிப் பேரிடம் சாளுங்கேயின் முதல் விதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிலத்துக்கு இல்லையப்பா, தலைக்கு.