மானிப்பாய் மருத்துவ வகுப்பும் தொழிற்கல்வியின் மொழியும்

தொழிற்கல்வியைத் தமிழில் தர இயலுமா என்னும் வினா எழும்போதெல்லாம் விவாதம் கலைச்சொற்களில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நடந்த மருத்துவ வகுப்பின் வரலாறு, சிக்கல் வேறிடத்திலும் உண்டு என்பதைக் காட்டுகிறது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். விரைவிலேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் பயிற்றுமொழி ஆங்கிலமே. வகுப்புப் பாடத்துடன், மருத்துவமனையில் நோயாளர்களிடையே பெற்ற செய்முறைப் பயிற்சியும் கல்வியின் பகுதியாக இருந்தது. ஆயினும் ஆங்கிலத்தில் பயின்றோர் பலர் அரசுப் பணியை நாடி ஊரைவிட்டு அகன்றனர். கிராமத்தில் தங்கும் மருத்துவர் வேண்டுமெனில், அக்கிராமத்தின் மொழியிலேயே அவரை உருவாக்க வேண்டும் என்பது கிறீன் கண்ட முடிவு. 1860களில் வகுப்பு தமிழுக்கு மாறியது.

அதற்கெனப் பாடநூல்கள் எழுந்தன: ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875). மொழிபெயர்ப்பில் மாணவர்களும் பங்குகொண்டனர். சொல்லாக்க முறை இத்தலைப்புகளிலேயே தெரிகிறது. இரணம், அங்காதிபாதம் ஆகியவை வடமொழி வேர் கொண்டவை. கெமிஸ்தம் என்பதிலோ ஆங்கிலச் சொல் ‘அம்’ ஈறு பெற்றுத் தமிழ் ஒலிப்புக்கு இசைந்துள்ளது. தூய்மையைவிடப் பயன்பாடே இங்கு அளவுகோல். 30க்கும் மேற்பட்டோர் தமிழிலேயே மருத்துவம் கற்றுத் தேறினர்.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். தமிழ்வழி வகுப்பு அதன்பின் நெடுங்காலம் நீடிக்கவில்லை. இதற்கிடையே 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் தொடங்கப்பட்டிருந்தது. பதவியும் ஊதியமும் அவ்வழியிலேயே இருந்தன. நூலும் சொல்லும் ஆயத்தமாக இருந்தும், அவற்றைக் கற்றவரை ஏற்கும் அரசுப் பணியமைப்பு தமிழில் உருவாகவில்லை.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில், தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டமும் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. மானிப்பாயில் விடுபட்ட கண்ணி இதுவே. எனினும், பொறியாளருக்கு வேலை தரும் தனியார் துறை இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

ஒரு பாடத்திட்டம் தொழில்வாழ்வுக்கு ஆயத்தப்படுத்துகிறதா என்று மதிப்பிடும்போது, அத்தொழில் எம்மொழியில் நடைபெறுகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். கிறீனின் மாணவர்கள் நோயாளரிடம் பேசிய மொழி தமிழ். நியமன ஆணைகளின் மொழி ஆங்கிலம். அவ்விடைவெளியைக் கலைச்சொல் அகராதிகளால் மட்டும் நிரப்ப இயலாது.