ஸ்டியரிங்குக்கு முளைத்த ரெண்டு காது

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கார் சமாச்சாரம் போரடிக்கும்னு நினைக்கிறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

போன மாசம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பார்த்து வெச்சிருக்கார். ஆட்டோமேட்டிக். "எல்லாம் சரிங்க, ஸ்டியரிங் பின்னாடி ரெண்டு பக்கமும் காது மாதிரி என்னமோ நீட்டிக்கிட்டு இருக்கு. பேடில் ஷிஃப்டராம். வண்டிதான் தானாவே கியர் மாத்திக்குதே, அப்புறம் இது எதுக்கு? சும்மா சீனுக்கா?"ன்னு கேட்டார்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தார்னா "ஆமாங்க, சீன்தான்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேன். இப்ப அப்படிச் சொல்ல வாய் வரலை. காரணத்தைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். இந்தக் காது எப்ப முளைச்சுதுன்னு தெரிஞ்சாத்தான் அது தேவையா இல்லையான்னு பேச முடியும்.

எண்பதுகள்ல எஃப்-1 காரிலும் நம்ம ஊர் கார் மாதிரியே கியர் ராடு, கிளட்ச் எல்லாம் இருந்துச்சு. வலது கையால ராடைத் தள்ளணும், இடது கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கணும். மொனாக்கோவில 78 சுத்து. வளைவுக்கு வளைவு கியர் மாத்தியாகணும்கிறதால ஒரு ரேஸ் முடியறதுக்குள்ள ஆயிரக்கணக்கான தடவை ராடை இழுக்கணும். உள்ளங்கை கொப்புளிச்சுப் போகும். இது போதாதுன்னு அவசரத்துல தப்பான கியர்ல போட்டுட்டா இஞ்சின் புகைஞ்சிடும்.

ஃபெராரிக்கு அப்ப கார் வடிவமைச்சவர் ஜான் பர்னார்ட். இங்கிலாந்துக்காரர். இத்தாலிக்குக் குடிபோக மாட்டேன்னு சொல்லி, கில்ட்ஃபோர்டுல ஒரு ஆபீஸ் போட்டு அங்கேருந்தே ஃபெராரிக்கு வேலை பார்த்தவர். அவர் பேடிலை யோசிச்சது வேகமா கியர் மாத்தணும்கிறதுக்காக மட்டும் இல்லை. காரோட உடம்பு ஒல்லியா இருந்தாத்தான் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். டிரைவர் உட்கார்ற இடத்துல ராடு, அங்கேருந்து பின்னாடி கியர்பாக்ஸ் வரைக்கும் ஓடுற கம்பி, ராடை இழுக்கறப்ப முழங்கைக்கு இடம்னு விட்டா ஒல்லியாக்க முடியாது. ராடையே தூக்கிட்டா? கட்டளையை மின்சாரத்துல அனுப்பிட்டு, கியர் மாத்துற வேலையை ஹைட்ராலிக்ஸ் பார்த்துக்கட்டும். டிரைவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால விரலால இழுத்தா போதும். அப்படிப் பிறந்ததுதான் 1989ல வந்த ஃபெராரி 640.

சோதனை ஓட்டத்துல அந்த வண்டி படுத்தி எடுத்துச்சு. ஒரு ரேஸ் தூரத்தை முழுசா ஓடி முடிக்கவே இல்லை. முதல் ரேஸ் பிரேசில்ல, ரியோ பக்கத்துல ஜக்கரபாகுவா மைதானத்துல. நைஜல் மான்செல் ஃபெராரிக்கு ஓட்டின முதல் ரேஸும் அதுதான். எப்படியும் பாதியில நின்னுடும்னு நம்பி, சீக்கிரமே கிளம்புற ஃபிளைட்டுல டிக்கெட் போட்டு வெச்சிருந்ததா மான்செல்லே பின்னாடி சொல்லியிருக்கார். நடுவுல ஸ்டியரிங் ஆட ஆரம்பிச்சு, பிட்ல வந்து ஸ்டியரிங்கையே கழட்டி வேற மாட்டிக்கிட்டுப் போனார். ஆனா வண்டி நிக்கலை. ஜெயிச்சுட்டார்! ஃபிளைட்டு போயிடுச்சான்னு எனக்குத் தெரியாது, ஆனா கோப்பையைத் தூக்கறப்ப அதோட விளிம்பு கிழிச்சுக் கையில ரத்தம். ராடு பிடிச்சு காயமாகாத கை கோப்பையைப் பிடிச்சுக் காயமாச்சு :-)

அந்த வருஷம் முழுக்க 640க்கு ரெண்டே நிலைதான். ஒண்ணு, வழியில நின்னுடும். இல்லைன்னா முதல் மூணு இடத்துக்குள்ள வரும். நாலாவதுங்கிற பேச்சே இல்லை. மூணு ரேஸ் ஜெயிச்சுது.

இதே வருஷம் நடந்த இன்னொரு விஷயம்தான் என்னை ரொம்பத் தொட்டது. ரெண்டாவது ரேஸ், இமோலா. இன்னொரு ஃபெராரி டிரைவர் கெர்ஹார்ட் பெர்கர், டம்புரெல்லோ வளைவுல நேராப் போய் சுவத்துல மோதினார். முழு டாங்க் பெட்ரோல், கார் பத்திக்கிச்சு. தீயணைக்கிறவங்க அரை நிமிஷத்துக்குள்ள அணைச்சு ஆளை வெளிய எடுத்துட்டாங்க. கையெல்லாம் தீக்காயம், விலா எலும்புல முறிவு. மனுஷன் அடுத்த ஒரே ஒரு ரேஸைத்தான் தவறவிட்டார். மெக்ஸிகோவுக்கு வந்துட்டார். வெந்த கையால ராடைப் பிடிச்சு இழுக்கிற கார்னா அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியுமாங்கிறது சந்தேகம்தான். விரலால இழுக்கிற கார்ங்கிறதால முடிஞ்சுது.

மேட்டர் இத்தோட முடிஞ்சு, ராடு செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க. 1991ல பிரேசில் ரேஸ். அயர்ட்டன் சென்னா தன் சொந்த ஊர் சாவோ பாலோவுல ஓட்டறார். அவரோட மெக்லாரன்ல இன்னும் ராடுதான். ஒவ்வொரு கியரா புட்டுக்கிச்சு, கடைசியில மிச்சம் இருந்தது ஆறாவது மட்டும். அதே கியர்ல எல்லா வளைவையும் சுத்தி ஜெயிச்சார். காரை விட்டு இறங்கத் தெம்பு இல்லாம ஆளுங்கதான் தூக்கி விட்டாங்க. அதே ரேஸ்ல, புத்தம் புது செமி-ஆட்டோமேட்டிக் கியரோட வந்த மான்செல்லோட வில்லியம்ஸ் கியர்பாக்ஸ் மண்டையைப் போட்டு பாதியில நின்னுச்சு. அந்த வருஷப் பட்டமும் சென்னாவுக்கே. ராடு வெச்ச காருக்குக் கிடைச்ச கடைசி எஃப்-1 பட்டம் அதுதான். 1995ல ஃபோர்ட்டி டீம் கொண்டுவந்த கார்தான் எஃப்-1ல ராடோட ஓடின கடைசி கார்.

ஒரு சுவாரசியமான விஷயம். கம்ப்யூட்டரே கியர் மாத்துற முழு ஆட்டோமேட்டிக்கை 2004லேருந்து எஃப்-1ல தடை பண்ணிட்டாங்க. கியரை டிரைவர்தான் மாத்தணும், அது அவரோட திறமைன்னு சட்டம். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல ஜோர்டான் டீமுக்காக, இந்தியாவோட முதல் எஃப்-1 டிரைவரா களம் இறங்கினப்ப அவர் விரல்லயும் பேடில்தான். ஆக ரேஸ்ல பேடில்ங்கிறது சோம்பேறிங்க சாதனம் இல்லை. டிரைவர் கையில விட்டுவெச்ச அதிகாரம்.

சரி, ரோட்டுக்கு எப்ப வந்துச்சு? 1997ல, ஃபெராரி எஃப்355 எஃப்-1. உள்ளுக்குள்ள சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அழுத்துற, கியர் தள்ளுற வேலையை மட்டும் ஹைட்ராலிக்ஸ் செஞ்சது. பி.எம்.டபிள்யூ எம்3ல வந்த எஸ்.எம்.ஜி.யும் இதே ஜாதி. ரேஸ் டிராக்ல முழு வேகத்துல ஜோர். டிராஃபிக்ல முதல் கியர்லேருந்து ரெண்டாவதுக்குப் போறப்ப தலை முன்னாடி பின்னாடி ஆடும், கிளட்ச் புதுசா பழகறவன் ஓட்டுற மாதிரி. 2002ல வந்த என்ஸோவுல இந்த மாத்தல் நேரம் 150 மில்லி செகண்டு, 2007ல 430 ஸ்குடேரியாவுல 60. கையால மாத்தினா சராசரி ஆளுக்கு அரை செகண்டாவது ஆகும்.

போர்ஷே வேற வழியில போச்சு. 1990 வாக்குல 911ல டிப்ட்ரானிக்குன்னு ஒண்ணு. இது டார்க் கன்வெர்ட்டர் வெச்ச அசல் ஆட்டோமேட்டிக், லீவரை முன்ன பின்ன தட்டி கியர் மாத்தலாம். பின்னாடி ஸ்டியரிங்லயே பட்டன் வந்துச்சு. ஆனா அந்தக் கால டார்க் கன்வெர்ட்டர்ல பேடிலோ பட்டனோ அழுத்தறது, தாலுகா ஆபீஸ்ல மனு கொடுக்கிற மாதிரி. வாங்கி வெச்சுப்பாங்க, யோசிப்பாங்க, அப்புறமா நடக்கும். "பேடில் வேஸ்ட்"ங்கிற பேரு வந்ததே இந்த மாதிரி வண்டிங்களாலதான்.

விளையாட்டை மாத்தினது டூயல் கிளட்ச். போர்ஷே எண்பதுகள்லயே ரேஸ் கார்ல வெச்சுப் பார்த்த விஷயம், 2003ல வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32ல எல்லாருக்குமான வண்டியில வந்துச்சு. ஒத்தைப்படை கியருங்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒண்ணு. கல்யாணப் பந்தியில சாப்பிடறவர் பின்னாடியே அடுத்த ஆள் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரே, அதேதான். மூணாவது கியர் ஓடிக்கிட்டு இருக்கப்பவே நாலாவது ரெடியா நிக்கும். இவர் எழுந்த நொடியே அவர் உட்கார்ந்துடுவார். 2005ல புகாட்டி வேரான், 2007ல நிஸான் ஜி.டி-ஆர் ரெண்டும் இதோடதான் வந்துச்சு, ராடுங்கிற ஆப்ஷனே இல்லை. 2009ல ஃபெராரி 458லயும் ராடு கிடையாது.

இத்தோட கதை முடிஞ்சுதான்னா, இல்லைங்க. 2013ல போர்ஷே தன்னோட 911 ஜி.டி.3ஐ ராடே இல்லாம, பேடிலோட மட்டும் விட்டுச்சு. ரசிகர்கள் கொதிச்சுட்டாங்க. 2016ல ராடு மட்டும் வெச்சு 911 ஆர்னு 991 வண்டி செஞ்சாங்க. வந்த வேகத்துல மார்க்கெட்டுல விலை எகிறிடுச்சு. 2017ல ஜி.டி.3க்கே ராடைத் திருப்பிக் கொண்டு வந்தாங்க. இன்னிக்கு ஃபெராரி எஃப்430ல ராடு வெச்சதுக்கும் பேடில் வெச்சதுக்கும் விலையைக் கேட்டுப் பாருங்க. மெதுவா ஓடுற ராடு வண்டிதான் ரொம்ப அதிகம்.

இந்தப் பக்கம், பழைய டார்க் கன்வெர்ட்டரும் தேறிடுச்சு. 2017ல பி.எம்.டபிள்யூ எம்5 டூயல் கிளட்சை விட்டுட்டு எட்டு கியர் டார்க் கன்வெர்ட்டருக்கே திரும்பிச்சு. மனு கொடுத்தா அன்னிக்கே கையெழுத்தாகிற ஆபீஸ் ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. 2023ல ஹூண்டாய் ஐயானிக் 5 என் வந்துச்சு. எலெக்ட்ரிக், கியர்பாக்ஸே இல்லை. ஆனா பேடில் இழுத்தா எட்டு கியர் இருக்கிற மாதிரி நடிக்கும். சிரிப்பா இருக்குல்ல? விரலுக்கு ஒரு வேலை வேணும்னு மனுஷன் கேக்கறான், கம்பெனி கொடுக்குது.

இப்ப என் கதை. "ஆட்டோமேட்டிக்கா? அது ஓட்டத் தெரியாதவங்க வண்டி"ன்னு வருஷக்கணக்கா உதார் விட்டுக்கிட்டு திரிஞ்சவன் நான். ஷட்டில் விளையாடப் போய் இடது முழங்கால் தசைநார் கிழிஞ்சுது. ஆபரேஷன். "கிளட்ச் மிதிக்கிற வேலை இனி வேண்டாம்"னு டாக்டர் சொன்னார். எட்டு மாசம் வீட்டுக்காரம்மா ஓட்ட, நான் பக்கத்து சீட்டுல இல்லாத கிளட்சை மிதிச்சுக்கிட்டு வந்தேன். அந்த எட்டு மாசத்துல என் மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும்.

அப்புறம் ஒரு நாள் நண்பனோட டூயல் கிளட்ச் வண்டியில ஏற்காடு. இறங்கறப்ப சாவியை என்கிட்ட கொடுத்தான். 20 கொண்டை ஊசி வளைவு. 'டி'யில போட்டு விட்டா, ஆக்ஸிலேட்டர்ல கால் இல்லைன்னு பார்த்து வண்டி மேல் கியருக்குப் போயிடுது, சரிவுல ஓட ஆரம்பிக்குது, பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வரவேண்டியதா இருக்கு. மூணாவது வளைவுலயே கருகின வாடை. இடது பேடிலை ரெண்டு தடவை இழுத்தேன். வண்டி ரெண்டாவது கியருக்கு வந்து இஞ்சின் பிடிச்சுக்கிச்சு. கீழே வர்ற வரைக்கும் பிரேக் வேலை பாதி ஆச்சு. வளைவுக்கு முன்னாடி எந்த கியர்னு நான் முடிவு பண்றேன், வண்டி கேக்குது. எட்டு மாசம் கழிச்சு நான் ஓட்டின மாதிரி இருந்தது. பெர்கரோட வெந்த கை ஞாபகம் வந்தது அப்பதான்.

ஆக நண்பருக்குச் சொன்ன பதில் இதுதான். வேகத்துக்காக பேடில் வேண்டாம், டிராஃபிக்ல அதை வாரக்கணக்கா தொடவே மாட்டீங்க. நேர் ரோட்டுல கம்ப்யூட்டர் உங்களைவிட நல்லா மாத்தும். ஆனா மலை இறக்கத்துல, ஓவர்டேக்குக்கு முன்னாடி, வளைவுக்குள்ள கியர் மாறாம இருக்கணும்கிறப்ப, அந்தக் காதுக்கு விலை இருக்கு. கம்ப்யூட்டர் ரோட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நீங்க பார்க்கறீங்க, அவ்வளவுதான் விஷயம்.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு பாருங்க. உள்ளே எந்த வகை கியர்பாக்ஸ். மேனுவல் மோடுல நீங்க வெச்ச கியரை வண்டி மதிக்குதா, இல்லை சிவப்புக்கோடு வந்ததும் தானா மாத்திடுதா. பேடில் ஸ்டியரிங்கோட சுத்துதா, இல்லை ஃபெராரியில மாதிரி தண்டுலயே நிக்குதா. ஸ்டியரிங் பாதி திரும்பியிருக்கப்ப எது கைக்கு அகப்படுதுன்னு ஓட்டிப் பார்த்துதான் சொல்ல முடியும்.

நண்பர் வாங்கிட்டார். நானும் என் பழைய ராடு வண்டியைப் போன வாரம் எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்துட்டேன். தெருமுனையில ரெண்டாவது கியருக்கு மாத்தறப்ப கொஞ்சம் உறுமினான். இடது கால் தானா தரையை அழுத்துச்சு.

உங்க அனுபவத்தைப் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. ராடு கட்சிக்காரங்க ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)