நெடுந்தூர விமானங்களைப் புதுப்பிக்கும் ஏர் இந்தியா: திட்டமும் தாமதமும்

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் இந்தியப் பயணிகளில் பலர் துபாய், தோஹா போன்ற வளைகுடா நகரங்களில் விமானம் மாறியே பயணிக்கின்றனர். அவர்களை நேரடி விமானங்களுக்கு ஈர்க்க, ஏர் இந்தியா தனது நெடுந்தூர விமானங்களைப் புதுப்பிக்கும் பணியை இரு வழிகளில் மேற்கொண்டுள்ளது. புதிய விமானங்களை வாங்குவது ஒன்று. பழைய விமானங்களின் உட்புறத்தை முழுமையாக மாற்றியமைப்பது மற்றொன்று.

டாடா குழுமம் 2022 ஜனவரி 27-ஆம் தேதி இந்நிறுவனத்தை மத்திய அரசிடமிருந்து ஏற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஏர்பஸ், போயிங் நிறுவனங்களிடமிருந்து 470 விமானங்கள் வாங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. இவற்றில் 70 விமானங்கள் நெடுந்தூரம் செல்லும் அகன்ற உடல் கொண்டவை: ஏ350 வகையில் 40, போயிங் 787-9 வகையில் 20, போயிங் 777-9 வகையில் 10. பின்னர் 2024 டிசம்பரில் மேலும் 10 ஏ350 விமானங்கள் சேர்க்கப்பட்டன.

முதல் ஏ350-900 விமானம் 2023 டிசம்பரில் இந்தியா வந்தடைந்தது. இவ்வகையில் வாங்கப்பட்ட 6 விமானங்களும், ரஷ்யாவின் ஏரோஃபிளாட் நிறுவனத்துக்கெனத் தயாரிக்கப்பட்டு, உக்ரைன் போரையடுத்த பொருளாதாரத் தடைகளால் அந்நாட்டுக்கு வழங்கப்படாதவை. 316 இருக்கைகள் கொண்ட இவை 2024-இல் தில்லி-லண்டன், தில்லி-நியூயார்க் வழித்தடங்களில் இயக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி விஸ்தாரா இணைக்கப்பட்டதால், அதன் 787-9 விமானங்களும் ஏர் இந்தியா வசம் வந்தன.

பழைய விமானங்களின் நிலை வேறு. போயிங் 787-8 விமானங்கள் 2012 முதல் சேவையில் உள்ளன. பழுதடைந்த இருக்கைகள், இயங்காத திரைகள் குறித்துப் பயணிகள் தொடர்ந்து புகார் தெரிவித்து வந்தனர். 787-8, 777 வகைகளைச் சேர்ந்த 40 விமானங்களின் உட்புறத்தை மாற்ற 40 கோடி டாலருக்கும் மேல் செலவிடப்படும் என 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. முதல் விமானம் 2024-இன் மத்தியில் தயாராகும் என அப்போது எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் இருக்கைகள் கிடைப்பதில் உலக அளவில் ஏற்பட்ட தட்டுப்பாட்டால், முதல் 787-8 விமானம் 2025 ஜூலையில்தான் இப்பணிக்காகக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பப்பட்டது.

இதனிடையே, 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தனது வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. மேற்கு நோக்கிய பயணங்களுக்குக் கூடுதல் நேரமும் எரிபொருளும் தேவைப்பட்டன. ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் 787-8 விமானம் விபத்துக்குள்ளானதில், அதிலிருந்த 242 பேரில் 241 பேர் உயிரிழந்தனர். புதுப்பிப்புக்காக விமானங்கள் விலக்கப்படுவதையும் வான்வெளி மூடலையும் காரணம் காட்டி, தில்லி-வாஷிங்டன் சேவை 2025 செப்டம்பர் 1 முதல் நிறுத்தப்பட்டது.

புதிய விமானங்களின் வருகையும் ஏர் இந்தியாவின் கையில் மட்டும் இல்லை. போயிங் 777-9 வகையின் முதல் விமானம் எந்த நிறுவனத்துக்கும் 2027-க்கு முன் வழங்கப்படாது என அதன் தயாரிப்பாளர் அறிவித்துள்ளார். எனவே, பழைய விமானங்களைப் புதுப்பிக்கும் பணியின் வேகமே வரும் ஆண்டுகளில் நெடுந்தூரச் சேவையின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கும்.