நான்கு ஆடுகளில் தொடங்கும் வாழ்வாதாரம்

எல்லா நபிமார்களும் ஆடு மேய்த்தவர்களே என்றும், தாமும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததாகவும் நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அந்தத் தொழில்தான் இன்றும் நம் கிராமங்களில் பல ஏழைக் குடும்பங்களின் கடைசிக் கையிருப்பு.

சென்னை–திருப்பதி சாலையில் திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையில் உள்ள கனகம்மாசத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஆந்திர எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் நெல், கரும்பு, வேர்க்கடலை விளைகின்றன. பயிர் பணமாகப் பல மாதங்கள் ஆகும். மருத்துவச் செலவும் பள்ளிக் கட்டணமும் அதுவரை காத்திருக்காது. அந்த நேரத்தில் ஒரு கிடாவை விற்றால் வட்டிக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 99 லட்சம் வெள்ளாடுகள் உள்ளன. கிராமப்புற ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் வழங்கும் அரசுத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. அப்படி நான்கு ஆடுகள் கிடைத்த குடும்பம் அவற்றைக் காப்பாற்றிப் பெருக்குவது எப்படி?

கணக்கு

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். நன்றாகப் பராமரித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று எடுக்கலாம். ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டி என்றால், நான்கு பெட்டை ஆடுகள் இரண்டு ஆண்டில் 12 முதல் 24 குட்டி வரை தரும். கிடாக்களை விற்றுச் செலவைச் சமாளித்துக்கொண்டு, நல்ல பெட்டைக் குட்டிகளை நிறுத்திக்கொள்வதே இதில் அடிப்படை. அவசரத்துக்குத் தாய் ஆட்டை விற்றால் அடுத்த ஈற்றின் வருமானமும் அதோடு போய்விடும்.

தீவனமும் கொட்டகையும்

ஆடு புல்லை விடத் தழையை விரும்பித் தின்னும். வேலியோரம் அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா நட்டால் கோடையிலும் பச்சைத் தழை கிடைக்கும். அறுவடைக்குப் பின் கிடைக்கும் வேர்க்கடலைக் கொடியை மழையில் நனையாமல் சேர்த்து வைப்பது நல்லது. பெரிய ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி இடம் போதும். தரை ஈரமாக இருக்கக் கூடாது. குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். இதைக் கவனிக்காததால் இறக்கும் குட்டிகள் அநேகம்.

நோய்

ஏழையின் ஆட்டுப்பட்டியை ஒரே வாரத்தில் காலி செய்யக்கூடியது ஆட்டுக்கொல்லி நோய். கடும் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். உலகிலிருந்தே 2030-க்குள் இதை ஒழிக்கச் சர்வதேச அமைப்புகள் இலக்கு வைத்துள்ளன. நான்கு மாதத்துக்கு மேற்பட்ட குட்டிக்குப் போடும் ஒரு தடுப்பூசி சுமார் மூன்று ஆண்டு பாதுகாப்புத் தரும். மழைக்குப் பின் இளம்புல்லை அதிகம் மேய்வதால் வரும் துள்ளுமாரிக்கு, மழைக்காலத்துக்கு முன்பே ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும். குடற்புழு நீக்கமும் அவசியம். ஆபத்து நேரத்தில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் காட்டுப்பாக்கம், திரூர் வேளாண் அறிவியல் நிலையங்களில் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

விற்பனை

பெரும்பாலும் வியாபாரி கண்மதிப்பில்தான் விலை பேசுவார். ஆட்டின் எடை தெரியாதவர் அவர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொங்கு தராசு வாங்கினால், உயிர் எடையை வைத்து விலை பேச முடியும். உயிர் எடையில் ஏறத்தாழப் பாதிதான் கறியாகக் கிடைக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், ஊரில் கறி விற்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குர்பானிக்கு வெள்ளாடு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். குருடு, நொண்டி, வெளிப்படையான நோய், எலும்பும் தோலுமான மெலிவு எதுவும் இருக்கக் கூடாது. ஐந்து மாதச் சினையும் ஒரு வயதும் சேர்த்தால், பெருநாளுக்குக் குறைந்தது 17 மாதம் முன்பே இனச்சேர்க்கை நடந்திருக்க வேண்டும். பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே வருவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வாங்கும் நாம் இதை முன்கூட்டியே வளர்ப்பவரிடம் சொல்லிவைத்தால், அவர் கிடாவை அரைவயதில் அவசரமாக விற்க மாட்டார்.

நம் பங்கு

நம் மஹல்லாக்களில் கணவனை இழந்த பெண்கள், நிலமற்ற கூலித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் சிறுசிறு தொகையாகப் பிரித்துக் கொடுக்கும் ஜகாத்தை, தகுதியுள்ள ஒருவரிடம் போதிய தொகையாக ஒப்படைக்கலாம். அவர் விரும்பினால் ஆடு வாங்கவும், முதல் ஆண்டுத் தடுப்பூசிக்கும் உடன் நிற்கலாம். தழை தேடவும் ஆட்களைக் கவனிக்கவும் முடியாதவர்மீது இதைத் திணிக்கக் கூடாது. குர்பானி ஆட்டையும் இயன்றவரை வளர்த்தவரிடமே நேரில் வாங்குவோம். இடைத்தரகருக்குப் போகும் பங்கு அவர் வீட்டு அடுப்புக்குப் போகும்.

திறந்த வெளியில் மேய்ந்து வளரும் ஆடுகள் நாற்பதை எட்டி ஓராண்டு நிறைந்தால் அவற்றில் ஓர் ஆடு ஜகாத் கடமையாகிறது. இன்று ஜகாத் வாங்குபவர் ஒருநாள் அதைக் கொடுப்பவராக மாற அல்லாஹ் அருள்புரிவானாக.