நீர்மூழ்கியும் அதன் எசமானர்களும்

வல்லரசுகளின் கையிலே இன்று பேரழிவுக் கருவியாக விளங்கும் நீர்மூழ்கிக் கப்பல், பிறப்பால் எளியோனின் ஆயுதமாகும். 1776-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானிய முடியை எதிர்த்துக் கிளர்ந்தபோது, டேவிட் புஷ்னெல் அமைத்த ‘ஆமை’ என்னும் மரக்கலம் நியூ யோர்க் துறைமுகத்தில் இறங்கியது. ஒரே ஒருவன் உள்ளமர்ந்து கையாற் சுழற்றி ஓட்டிய அக்கலம், ‘ஈகிள்’ என்ற போர்க்கப்பலின் அடியில் வெடியைப் பொருத்த முயன்று தோல்வியுற்றது.

எளியோன் எல்லாம் நீதிமான் அல்லன். உள்நாட்டுப் போரிலே கடல் முற்றுகையைத் தகர்க்க ‘ஹன்லி’யை இறக்கிய தென்மாநிலத்தார் காக்க நின்றது அடிமை முறையை. 1864-இல் சார்ள்ஸ்ரன் நகருக்கு அப்பால் அது ‘ஹௌசற்றோனிக்’ கப்பலை மூழ்கடித்தது. போரிலே நீர்மூழ்கியொன்று கப்பலை அழித்தது அதுவே முதன்முறை. எதிர்த்தரப்பில் மாண்டவர் 5 பேர். பயிற்சிக் காலத்தில் இருமுறையும் தாக்குதலன்று ஒருமுறையுமாக மூழ்கிய ‘ஹன்லி’ தன்னவர் 21 பேரைப் பலிகொண்டது.

இன்றைய நீர்மூழ்கியின் தந்தை எனத்தக்கவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஜோன் பிலிப் ஹொலண்ட் 1841-இல் அயர்லாந்திற் பிறந்தவர்; பெரும் பஞ்சம் அந்நாட்டைச் சூறையாடியபோது அவர் சிறுவர். 1873-இல் அமெரிக்கா சென்று, நியூ ஜேர்சியின் பாற்றர்சன் நகரிலே பாடஞ் சொல்லிக்கொண்டே கலத்துக்குப் படம் வரைந்தார். கடற்படை அதிகாரிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பணம் தந்தவர்கள் ஃபீனியன்கள் எனப்பட்ட அயர்லாந்துப் புரட்சியாளர். பிரித்தானியக் கடற்படையைத் தாக்குவதே அவர்தம் நோக்கம். 1881-இல் ‘ஃபீனியன் ராம்’ நீரில் இறங்கியது. ஆயின் பணத்தகராறு முற்றவே, 1883-இல் புரட்சியாளர்களே அதைக் கவர்ந்து சென்றனர். ஓட்டத் தெரியாமையால் கலம் கரையிலே முடங்கிற்று!

ஹொலண்ட் தளரவில்லை. நீர்மேற் செல்கையில் பெற்றோல் இயந்திரம், நீரடியில் மின்கலங்களால் இயங்கும் மோட்டர் என்னும் அவரது இணைப்பே வெற்றி பெற்றது. 1900-இல் அமெரிக்க அரசு அவரது கலத்தை 150,000 டொலருக்கு வாங்கியது. அதற்குள் அவரது கண்டுபிடிப்பு எலெக்ரிக் போட் கம்பனியின் உடைமையாகிவிட்டது. அடுத்த ஆண்டிலே பிரித்தானியக் கடற்படையின் முதல் நீர்மூழ்கியும் அவர் வரைபடத்தின்படியே பிறந்தது, பெயரும் ‘ஹொலண்ட்’தான். எந்தக் கடற்படையை ஒழிக்க அயர்லாந்துத் தொழிலாளர் காசு சேர்த்தனரோ, அதற்கே பொருள் போய்ச் சேர்ந்தது. ருசியாவும் யப்பானும் 1904-இற் பொருதபோது கம்பனி இரு தரப்பாருக்கும் கலங்களை விற்றது. மூலதனத்துக்குத் தாய்நாடு ஏது? அதே ஆண்டில் ஹொலண்ட் கம்பனியை விட்டு விலகினார். அவர் 1914 ஓகஸ்டில் மறைந்தார். அடுத்த மாதமே ஜெர்மன் நீர்மூழ்கியொன்று ஒரே காலையில் மூன்று பிரித்தானியக் கப்பல்களை மூழ்கடித்தது.

ஜெர்மனியின் கட்டற்ற நீர்மூழ்கிப் போரைக் கண்டித்தே அமெரிக்கா 1917-இற் களத்தில் இறங்கியது. அதே அமெரிக்கா, 1941 டிசெம்பர் 7-இல் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட சில மணி நேரத்துள், யப்பானுக்கெதிராக அதே கட்டற்ற போருக்கு ஆணையிட்டது. யப்பானிய வணிகக் கப்பல்களிற் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு இரையாகின. அமெரிக்கரும் 52 நீர்மூழ்கிகளையும் ஏறத்தாழ 3,500 மாலுமிகளையும் இழந்தனர். 1944 செப்ரெம்பரில் மூழ்கடிக்கப்பட்ட ‘ராக்குயோ மாரு’வில் இருந்தவரோ நேசநாட்டுக் கைதிகள்: மலாயாத் தமிழர் பல்லாயிரவரைக் கொன்ற சயாம் மரண ரயில்பாதையில் உழைத்து மீண்டவர்கள். 1,100-க்கும் மேற்பட்ட கைதிகள் மாண்டனர்.

1954-இல் எலெக்ரிக் போட் தளத்திலிருந்து அணுசக்தியால் ஓடும் ‘நொட்டிலஸ்’ இறங்கியது. 1958-இல் பனிக்கடியிற் சென்று வடதுருவத்தைக் கடந்தது. விந்தைதான். ஆயின் மறு ஆண்டே 16 பொலாரிஸ் ஏவுகணைகளைத் தாங்கிய ‘ஜோர்ஜ் வாஷிங்டன்’ சேவைக்கு வந்தது. கப்பலை அடிக்கப் பிறந்த கலம், நகரங்களைக் குறிவைக்கலாயிற்று. 1963-இல் ‘திரெஷர்’ ஆழ்கடலில் நொறுங்கி 129 பேர் மாண்டதும் இப்போட்டியைத் தணிக்கவில்லை.

பொலாரிஸ் கலங்களுக்கு 1961 முதல் இடங்கொடுத்தது பிரித்தானியா: ஸ்கொட்லாந்தின் ஹோலி லொக். ‘ஆமை’ எந்த அரசுக்கு எதிராக இறங்கியதோ, அந்த அரசின் துறை! அணுவாயுத எதிர்ப்பாளர் ஆண்டுதோறும் அங்கே திரண்டனர். தளம் 1992-இல் மூடப்பட்டது. ஆனால் எலெக்ரிக் போட் மூடவில்லை; 2022-இல் ‘கொலம்பியா’ வகையின் முதற் கலத்துக்கு அங்கே அடிமரம் நாட்டினார்கள்.