ஜாடியும் பாட்டிலும் ஒன்றல்ல



மாவடு சீசன் வந்ததும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாட்டில் படங்கள் வரிசையாக வருகின்றன. மாவடு சரி. கூடவே வேகவைத்த காய்கறியும், எண்ணெயில் போட்ட பூண்டும் மூடி இறுக்கிய பாட்டிலில் அடுப்பங்கரை அலமாரியில் நிற்கின்றன. "ஆச்சி வருஷக்கணக்கில் வைக்கலையா?" என்று கேட்கிறீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊறுகாய் மிகப் பழையது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே மாவடு ஊறுகாய் விருந்தில் வருகிறது. 1340களில் மதுரையைச் சுல்தான்கள் ஆண்டபோது இங்கே வந்து, ஊரில் பரவிய கொள்ளைநோயை எழுதிவைத்த இபின் பதூதாவும் இதைக் கவனித்திருக்கிறார். உதிர்ந்த பச்சை மாங்காயை உப்பிட்டு ஊறவைப்பதையும், ஒவ்வொரு கவளத்துக்கும் கொஞ்சம் ஊறுகாய் தொட்டுக்கொள்வதையும் சொல்கிறார். பிறகு கிழக்குக் கடலில் போகும்போது, உப்பிட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் நிறைந்த 4 பெரிய ஜாடிகள் அவருக்குப் பரிசாக வந்தன. பர்மாவின் மார்த்தபான் துறைமுகத்தின் பெயரால் அழைக்கப்பட்ட ஜாடிகள் அவை.

அந்த ஜாடிக்குள் காவல் காத்தவை உப்பும் புளிப்பும். உள்ளே மெருகு பூசியிருப்பதால் இரண்டும் ஜாடியை அரிக்காது. வாய்க்கு வேடு கட்டினார்கள். எண்ணெய் மேலே மிதக்கும்படி பார்த்தார்கள். பெரிய ஜாடியை அடிக்கடி திறக்காமல் சின்னதில் எடுத்து வைத்தார்கள். ஈரக்கை பட்டால் திட்டு விழும். பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சையோ சேர்த்தது ருசிக்கு மட்டும் அல்ல.

பாட்டிலின் கதை வேறு. பிரெஞ்சு ராணுவத்துக்குக் கெடாத உணவு வேண்டியிருந்தது. நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, கார்க்கால் மூடி, கொதிநீரில் வேகவைத்தார். 1810இல் அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. பாஸ்டர் வந்து நுண்ணுயிரிகளைக் காட்ட இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1858இல் அமெரிக்காவில் ஜான் மேசன் திருகுமூடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். பாட்டில் வீட்டுக்குள் வந்தது.

ஆனால் காற்றே இல்லாத இடத்தில்தான் வளரும் கிருமி ஒன்று உண்டு. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் ஓர் இறுதிச் சடங்குக்கு வந்த பேண்டு வாத்தியக்காரர்கள், உப்புநீரில் வைத்திருந்த பன்றிக்கறியைச் சாப்பிட்டார்கள். 3 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் கண்டுபிடித்ததுதான் இன்று கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் எனப்படும் கிருமி. 1985இல் கனடாவின் வான்கூவரில், ஃபிரிட்ஜில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் இதே நஞ்சுக்கு ஆளானார்கள். எண்ணெய் காற்றைத் தடுத்தது. புளிப்போ உப்போ காவலுக்கு இல்லை.

இந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. 121 டிகிரி அழுத்தச் சூடு வேண்டும். பாட்டிலின் நடுப்பகுதிவரை அந்தச் சூடு போதிய நேரம் நிற்கவும் வேண்டும். வீட்டு குக்கரில் நாலு விசில் அதற்கு ஈடாகாது. புளிப்பு நன்றாக இருந்தால் (பிஎச் அளவு 4.6க்குக் கீழே) அது வளராது.

ஆகவே மாவடு, எலுமிச்சை ஊறுகாய், பழ ஜாம் ஆகியவற்றைத் தேதி எழுதி, வெயில் படாத, அடுப்புச் சூடு எட்டாத இடத்தில் வையுங்கள். பாட்டில் உணவுக்கு அமெரிக்கர்கள் சொல்வது 10 முதல் 21 டிகிரி வரை. நம் அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40ஐத் தொடும். அதனால் திறந்த பாட்டில் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். வேகவைத்த காய்கறி, கறி, மீன், எண்ணெய்ப் பூண்டு எதையும் அலமாரியில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். மூடி உப்பினாலோ கசிந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டுங்கள். மணம் மாறாமலும் நஞ்சு இருக்கும். சாப்பிட்டவருக்குப் பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, நாக்குக் குழறினாலோ உடனே ஆஸ்பத்திரி.

ஆச்சியின் ஜாடியைப் பின்பற்றுகிறவர்கள் அவர் போட்ட உப்பையும் புளிப்பையும் குறைக்காமல் பின்பற்றுங்கள். உங்கள் வீட்டு ஊறுகாய்ப் பக்குவத்தைக் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.